ஹாங்க் ஆரன்: 755 அடித்தவரின் கார்டு ஏன் இவ்வளவு மலிவு?

#1 · நாலுநாலு

2022 ஆகஸ்டில் அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் படம் போட்டு டாப்ஸ் கம்பெனி 1952இல் அச்சடித்த கார்டு ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. எழுபது வருடப் பழைய அட்டை, மூலைகூட மழுங்கவில்லை, கார்டுகளுக்குத் தரம் போடும் எஸ்.ஜி.சி. நிறுவனம் அதற்கு 9.5 போட்டிருந்தது. விலை அதிகம் என்று சொல்ல வரவில்லை. வாங்கியவர் பணம், அவர் இஷ்டம். எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். ஹாங்க் ஆரனின் முதல் டாப்ஸ் கார்டு 1954இல் வந்த 128ஆம் எண். கசங்கியது, நடுத்தரம், சுத்தமானது என்று எந்த நிலையில் எடுத்தாலும், அதே நிலையில் இருக்கும் அந்த மேன்டில் கார்டின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

மேன்டில் அடித்த ஹோம் ரன் 536. ஆரன் 755. அதோடு 3,771 ஹிட் (அடித்து பேஸை எட்டியது), 2,297 ஆர்.பி.ஐ. (அவர் அடியால் அணிக்கு வந்த ரன்), 6,856 மொத்த பேஸ் (ஹிட்டுகளில் எட்டிய பேஸ்களின் கூட்டு). கடைசி இரண்டையும் இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை.

1934இல் அலபாமாவின் மொபீல் நகரத்தில் பிறந்து, 1952இல் இண்டியானாபோலிஸ் கிளவுன்ஸ் என்ற கறுப்பர் அணியில் மாதம் 200 டாலருக்கு ஆட வந்தவர். அந்த வருடம் வாஷிங்டனில் ஓர் உணவகத்தில் அணியோடு காலையில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே சமையலறையில் தட்டுகளைப் போட்டு உடைக்கும் சத்தம். கறுப்பர்கள் சாப்பிட்ட தட்டில் இன்னொருவருக்குப் பரிமாறக் கூடாதாம். நாய் தின்றிருந்தால் கழுவி வைத்திருப்பார்கள் என்று பின்னாளில் ஆரனே சொன்னார்.

இப்படிப்பட்டவரின் கார்டு ஏன் இரண்டாம் வரிசையில் கிடக்கிறது? நிறம்தான் காரணம் என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் வரலாம்.

#2 · பெவிலியன் முனை

அண்ணே, எனக்கு பேஸ்பால் அரைகுறைதான். இங்கே நீங்கள் எல்லாரும் பேசுவதைப் படித்துப் படித்து ஆர்வம் வந்தது. ஹோம் ரன் என்றால் நம்ம சிக்ஸர் மாதிரி என்று வைத்துக்கொள்கிறேன். 755 என்பது எவ்வளவு பெரிய விஷயம்? இப்போது முதலிடத்தில் இருப்பவர் பாரி பாண்ட்ஸ்தானே, அப்புறம் ஏன் எல்லாரும் ஆரனைப் பற்றியே பேசுகிறீர்கள்?

#3 · கணக்குப்புலி

பெவிலியன், சிக்ஸர் கணக்கோடு பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். பேஸ்பாலில் ஒரு ஆட்டத்தில் ஒருவருக்குப் பொதுவாக நாலைந்து முறைதான் மட்டை பிடிக்க வாய்ப்பு வரும். அதில் மூன்று ஸ்ட்ரைக் ஆனால் போய் உட்கார வேண்டியதுதான்.

பட்டியல் இது: பாண்ட்ஸ் 762, ஆரன் 755, பேப் ரூத் 714. ரூத் ஓய்வு பெற்றது 1935இல். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நாற்பது வருடம் அந்த 714 அசையவில்லை.

ஆரனிடம் விசித்திரம் என்னவென்றால், அவர் ஒரு சீசனில்கூட 50 அடித்ததில்லை. அதிகபட்சம் 1971இல் 47. அவர் செய்ததெல்லாம் விடாமல் அடித்ததுதான். 1955 முதல் 1974 வரை இருபது சீசனும் வரிசையாக 20 அல்லது அதற்கு மேல். பதினைந்து சீசன்களில் 30 அல்லது அதற்கு மேல். 1973இல் 39 வயதில் 40 அடித்தார்.

இன்னொன்று: அந்த 755ஐயும் அவர் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள். மிச்சம் 3,016 ஹிட் இருக்கும். மூவாயிரம் ஹிட் எடுத்தாலே பொதுவாக ஹால் ஆஃப் ஃபேம் என்ற பேஸ்பால் புகழ் மண்டபத்துக்குள் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். அதாவது ஒரு ஹோம் ரன்கூட அடிக்காத ஆரனும் அந்த வாசலுக்கு வந்திருப்பார்.

நாலுநாலு, உங்கள் கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. ஒரே வருடத்தில் வாணவேடிக்கை காட்டுகிறவனைத்தான் கூட்டம் கொண்டாடும். மேன்டில் 1961இல் 54 அடித்தார், கூடவே ரோஜர் மாரிஸ் 61. அந்தக் கோடை முழுக்க நாடே அதைத்தான் பார்த்தது. ஆரன் வருடா வருடம் வரி கட்டுகிறவர் போல வந்து முப்பது, நாற்பது அடித்துவிட்டுப் போய்விடுவார்.

#4 · பழைய காகிதம்

நிறம் ஒரு காரணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கார்டு விலை என்பது ஆட்டக்காரரின் விலை மட்டும் இல்லை, காகிதத்தின் விலையும்தான்.

1952 டாப்ஸ் வரிசையில் 311 முதல் 407 வரை கடைசிக் கட்டமாக அச்சாகி, சீசன் முடியும் நேரத்தில் கடைக்கு வந்தது. பையன்களின் கவனம் அதற்குள் ஃபுட்பாலுக்குப் போய்விட்டது. விற்காமல் கிடங்கில் தேங்கியது. 1960இல் டாப்ஸ் கம்பெனியின் சை பெர்கர், இடத்தை அடைக்கிறதே என்று, மிச்சப் பெட்டிகளைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டு வந்தார். மேன்டில் கார்டின் எண் 311. கதை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

1954 வரிசையில் இப்படி எதுவும் இல்லை. மொத்தம் 250 கார்டு, எதையும் குறைவாக அச்சடிக்கவில்லை, எதையும் கடலில் போடவில்லை. சிகாகோவின் எர்னி பேங்க்ஸ், டெட்ராய்ட்டின் அல் கேலைன் இரண்டு பேருக்கும் அதுவேதான் முதல் கார்டு. ஆரன் கார்டு சுத்தமாகக் கிடைப்பது கஷ்டம், அவ்வளவுதான். அந்த வரிசையின் வடிவமைப்பில் மேல்பக்கம் வெள்ளை ஓரம் கிடையாது, நிறம் விளிம்பு வரை ஓடும். ஆரனுக்கு ஆரஞ்சு நிறம். லேசாக உரசினாலே வெள்ளை தெரியும்.

நியூயார்க்கையும் மறந்துவிடாதீர்கள். மேன்டில் ஆடியது அந்த ஊர் யாங்கீஸில், 12 வேர்ல்ட் சீரிஸ் (சீசன் முடிவில் வரும் இறுதிப் போட்டி), அதில் 7 வெற்றி. ஆரனின் பிரேவ்ஸ் அணி முதலில் மில்வாக்கியில், 1966இலிருந்து அட்லாண்டாவில். வேர்ல்ட் சீரிஸ் 1957, 1958 இரண்டே முறை. 1957இல் அவர்தான் லீகின் எம்.வி.பி. (சிறந்த ஆட்டக்காரர்), யாங்கீஸை எதிர்த்து சராசரி .393, மூன்று ஹோம் ரன், கோப்பையும் மில்வாக்கிக்கு. ஆனாலும் ஐம்பதுகளில் கார்டு வாங்கிய பையன்கள் எண்பதுகளில் கையில் காசோடு திரும்பி வந்தபோது, அதிகம் பேர் தேடியது மேன்டிலைத்தான்.

#5 · நாலுநாலு

» கதை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

சரி ஐயா, அந்தக் கதைப்படியே வருகிறேன். மேன்டில் 311. அடுத்த எண் 312 யார்? ஜாக்கி ராபின்சன். அதே வருடம், அதே கடைசிக் கட்டம், அதே கடல். போதாததற்கு, அந்தக் கட்டத்தில் 311, 312, 313 மூன்று கார்டும் ஒரே தாளில் இரண்டிரண்டு முறை அச்சானவை. ஆக, அந்த மேன்டில் கார்டு பக்கத்து எண்களைவிட அதிகம் அச்சானது, குறைவு இல்லை. ராபின்சனும் நியூயார்க்காரர்தான், புரூக்ளின் டாட்ஜர்ஸ். பேஸ்பாலின் நிறச் சுவரை உடைத்த மனிதர். இரண்டு கார்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

காகிதம் ஒன்று, அச்சு ஒன்று, ஊரும் ஒன்று. அப்புறம் எது வேறு?

#6 · பழைய காகிதம்

நல்ல அடி. 312ஐ நான் யோசித்துத்தான் தவிர்த்தேன், பிடித்துவிட்டீர்கள்.

இருந்தாலும் ஒரு பதில் இருக்கிறது. ராபின்சன் அமெரிக்காவின் உச்ச லீகான மேஜர் லீகில் ஆடியது பத்தே வருடம், ஹோம் ரன் குவிக்கும் ஸ்லக்கரும் இல்லை. சந்தைக்கு ஹோம் ரன் மீது தனிப் பைத்தியம். அவரோடு பார்ப்பதைவிட இன்னொரு கறுப்பரான வில்லி மேஸோடு பார்க்கலாம்: 660 ஹோம் ரன், 1957 வரை நியூயார்க். அவர் கார்டும் மேன்டிலுக்குக் கீழேதான்... எழுதும்போதே தெரிகிறது, இது உங்கள் பக்கம்தான் சாய்கிறது. டீ குடித்துவிட்டு வருகிறேன்.

#7 · அட்லாண்டா அக்கா

தம்பிகளா, கார்டு சண்டையை ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

ரூத்தைத் தாண்டிய ஆரனின் 715ஆவது ஹோம் ரன் விழுந்த இடத்தை அட்லாண்டாவில் நான் பார்த்திருக்கிறேன். ஸ்டேடியத்தை 1997இல் இடித்துவிட்டார்கள். நான் போனபோது அங்கே வண்டி நிறுத்துமிடம். தார் போட்ட தரையில் கார்களுக்கு நடுவே ஒரு வேலித்துண்டு மட்டும் தனியாக நின்றது. அதில் 715 என்று ஒரு பலகை. வேறு எதுவும் இல்லை, காவலாளி கிடையாது, டிக்கெட் கிடையாது. பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள். என் பையன்தான் தூரத்தில் ஹோம் பிளேட் இருந்த இடத்துக்கு ஓடிப்போய் நின்று, இங்கே வரை கையை வீசிக் காட்டினான்.

புது மைதானமான ட்ரூயிஸ்ட் பார்க்கில் சிலை இருக்கிறது, பின்னால் 755 மட்டைகளை அடுக்கி அலங்காரம் செய்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்த வேலித்துண்டுதான் பிடித்தது.

#8 · பெவிலியன் முனை

அக்கா, 715 அன்று என்ன நடந்தது? யாராவது முழுசாகச் சொல்லுங்கள்.

#9 · நாலுநாலு

நான் சொல்கிறேன்.

1973 சீசன் முடிந்தபோது ஆரன் நின்றது 713இல். ரூத்தைத் தொட ஒன்று, தாண்ட இரண்டு. குளிர்காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். அந்த வருடம் அவருக்கு வந்த கடிதங்கள் சுமார் 9,30,000. அரசியல்வாதி அல்லாத ஒருவருக்கு இவ்வளவு தபாலா என்று தபால் துறையே ஒரு கேடயம் கொடுத்தது. பெரும்பாலானவை வாழ்த்து. மிச்சத்தில் இருந்தது கொலை மிரட்டல். வெள்ளைக்காரன் சாதனையைத் தொட்டால் சுடுவேன், பிள்ளைகளைக் கடத்துவேன் என்றெல்லாம். மகள் படித்த கல்லூரிக்கு எஃப்.பி.ஐ. போக வேண்டியிருந்தது. அட்லாண்டா பத்திரிகையின் விளையாட்டுப் பகுதி ஆசிரியர் லூயிஸ் கிரிஸார்ட், எதற்கும் இருக்கட்டும் என்று ஆரனுக்கு இரங்கல் செய்தி தயார் செய்து வைத்திருந்தார். அந்த அளவுக்கு நிஜமான பயம்.

1974 ஏப்ரல் 4, சின்சினாட்டி. சீசனில் அவர் மட்டையைச் சுழற்றிய முதல் தடவையிலேயே 714. ஏப்ரல் 8, அட்லாண்டா, 53,775 பேர். நான்காவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸின் அல் டவுனிங் பந்து வீசுகிறார். (இரண்டு பேர் முதுகிலும் 44. நம்பினால் நம்புங்கள்.) பந்து இடது பக்க வேலியைத் தாண்டி பிரேவ்ஸின் புல்பென்னுக்குள் (பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், தயாராகும் இடம்) போனது. அங்கே நின்ற டாம் ஹவுஸ் என்ற பிட்சர் அதைக் கேட்ச் பிடித்து, மைதானம் முழுக்க ஓடிவந்து ஆரன் கையில் கொடுத்தார்.

ஆரன் இரண்டாம் பேஸைத் தாண்டும்போது இரண்டு இளைஞர்கள் கூட்டத்திலிருந்து குதித்து அவர் பக்கத்தில் ஓடி முதுகைத் தட்டினார்கள். பதினேழு வயதுப் பையன்கள், சந்தோஷத்தில் ஓடிவந்தவர்கள். ஆனால் ஆரனின் மெய்க்காப்பாளர் மேலே உட்கார்ந்திருந்தார், பைனாகுலர் பெட்டிக்குள் துப்பாக்கியோடு. எடுக்கவா வேண்டாமா என்று அவர் முடிவு செய்ய ஓரிரு நொடிதான். எடுக்கவில்லை. ஹோம் பிளேட்டில் ஆரனின் அம்மா வந்து மகனைக் கட்டிக்கொண்டார். பாசம் பாதி, யாராவது சுட்டால் தன் மேல் படட்டும் என்பது பாதி.

மேஜர் லீகின் தலைவரான கமிஷனர் போவி கூன் அன்று வரவில்லை. க்ளீவ்லேண்டில் வேறு நிகழ்ச்சிக்குப் போய்விட்டு, தனக்குப் பதிலாகத் தன் அலுவலகத்து மான்டி இர்வினை அனுப்பினார். கமிஷனர் பெயரைச் சொன்னதும் கூட்டம் ஊளையிட்டது.

இப்போது சொல்லுங்கள், நிறம் இந்த விலையில் இல்லையா?

#10 · ஸ்காபரோ பெடியன்

வணக்கம் அண்ணை. கனநாளாக வாசிக்கிறன், முதல்தரம் எழுதுறன்.

உங்கட நியாயம் எனக்குச் சரியாகத்தான் படுது. ஆனால் ஒண்டு கேக்கிறன்: மலிவாக இருப்பது எங்களுக்கு நல்லதுதானே? மேன்டில் கார்டை எங்களால தொடவும் ஏலாது. ஆரனில் 1970க்குப் பிறகு வந்த எல்லாம் சாதாரண ஆக்களும் வாங்கலாம்.

கனடாவில் இருக்கிற ஆக்களுக்கு இன்னொரு வழி. ஒன்டாரியோவின் லண்டனில் ஓ-பீ-சீ எண்ட கம்பெனி டாப்ஸின் அனுமதியோட அதே படங்களை அச்சடிச்சது. பின்பக்கம் ஆங்கிலமும் பிரெஞ்சும் சேர்ந்து இருக்கும். டாப்ஸை விடக் குறைவாகத்தான் அச்சடிச்சவை, ஆனபடியால் 1974 ஆரன் ஓ-பீ-சீ நல்ல நிலையில் கிடைக்கிறது கஷ்டம். இங்கே பழைய சாமான் சந்தைகளில் இடைக்கிடை வரும். வெட்டு நேராக இராது, ஓரம் பிசிறடிச்சிருக்கும், அது அந்தக் கம்பெனிக்கு வழமைதான்.

#11 · பழைய காகிதம்

தம்பி நல்ல விஷயத்தை எடுத்தார். டீயும் முடிந்தது. ஆரன் கார்டுகளில் எனக்குப் பிடித்தவை விலை உயர்ந்தவை இல்லை, டாப்ஸ் சொதப்பியவைதான்.

1956, 31ஆம் எண். பெரிய முகப்படம் ஆரனுடையது. பக்கத்தில் ஹோம் பிளேட்டுக்குள் சறுக்கி விழுகிற சிறிய படம் இருக்கிறதே, அது ஆரன் இல்லை. வில்லி மேஸ்! வேறு அணிக்காரரின் படத்துக்கு பிரேவ்ஸ் உடுப்பு வரைந்து ஒட்டிவிட்டார்கள்.

1957, 20ஆம் எண். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். ஆரன் பிறவி வலதுகைக்காரர். கார்டில் இடது கை ஆட்டக்காரராக நிற்கிறார். உற்றுப் பார்த்தால் சட்டையில் 44 கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பியிருக்கும். அந்த வருடம்தான் அவர் எம்.வி.பி. டாப்ஸ் திருத்தவே இல்லை. அதனால் "பிழைக் கார்டு, அரிது" என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எல்லா 1957 ஆரனும் பிழைதான்.

1974, 1ஆம் எண். இதுதான் உச்சம். "புதிய ஹோம் ரன் மன்னர்" என்று தலைப்பு. ஆனால் கார்டு அச்சுக்குப் போனபோது ஆரன் 713இல் நிற்கிறார்! மிரட்டல் கடிதங்கள் வந்துகொண்டிருந்த அதே குளிர்காலத்தில், டாப்ஸ்காரர்கள் மட்டும் பந்தயம் கட்டியதுபோல் அச்சடித்து வைத்துவிட்டார்கள். 2 முதல் 6 வரை எண்களில் அவருடைய பழைய கார்டுகளின் படங்கள். ஏராளமாக அச்சானது, விலையும் கைக்கு அடக்கம். என்னைக் கேட்டால் ஆரனின் வாழ்க்கையை ஒரே அட்டையில் வைத்துக்கொள்ள இதைவிட நல்லது கிடையாது. 1954ஐவிட இதுதான் எனக்கு மேல்.

மில்வாக்கி ஆட்கள் யாராவது இருந்தால் கோபிப்பார்கள், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: 1954இல் ஜான்ஸ்டன் என்ற பிஸ்கெட் கம்பெனியும் பிரேவ்ஸ் கார்டுகள் போட்டது. அதில் ஆரனின் எண் 5. முதல் வருடம் அவர் போட்டிருந்த சட்டை எண் அதுதான். 44 அடுத்த வருடம் வந்தது.

#12 · நாலுநாலு

» 1954ஐவிட இதுதான் எனக்கு மேல்.

இதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 1954 கார்டில் பெயர் "ஹென்றி ஆரன்" என்று இருக்கும். இருபது வயது, முகத்தில் கூச்சம். பாபி தாம்சன் பயிற்சி ஆட்டத்தில் கணுக்காலை உடைத்துக்கொள்ளாவிட்டால் அந்த வருடம் அணியிலேயே இடம் கிடைத்திருக்காது. 1974 கார்டு விளம்பரம், 1954 கார்டு மனிதன்.

#13 · வக்கீல் வண்டு

கார்டு என்பது அச்சடித்த காகிதம், நூறு கிடைக்கும். பந்து ஒன்றுதான். நான் பந்துக்கட்சி.

ஆரனின் கடைசிப் பந்து, 755, அதன் கதை தெரியுமா? 1976 ஜூலை 20. ஆரன் மறுபடி மில்வாக்கிக்கே வந்து ப்ரூயர்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருக்கிறார். அந்தப் பந்தை எடுத்தது மைதானத்தைப் பராமரிக்கும் பகுதிநேர ஊழியர் ஒருவர். நேரில் ஆரன் கையில் கொடுக்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அதெல்லாம் முடியாது, பந்தைக் கொடு என்றது கிளப். இவர் கொடுக்கவில்லை. மறுநாள் வேலை போனது. கடைசிச் சம்பளத்தில் பந்துக்கு என்று 5 டாலர் பிடித்துக்கொண்டார்கள்.

அது கடைசிப் பந்து என்று அன்று யாருக்கும் தெரியாது. சீசன் இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் பாக்கி. அவர் பத்திரமாக வைத்திருந்தார். பிற்பாடு ஒரு கார்டு ஷோவில், இது எந்தப் பந்து என்று சொல்லாமலே, ஆரனிடமே கையெழுத்தும் வாங்கினார். 1999இல் 6 லட்சம் டாலருக்கு மேல் விற்றது. ஒரு பங்கை ஆரனின் அறக்கட்டளைக்குக் கொடுத்தார்.

சட்டப்படி பார்த்தால் எனக்கு இதில் சுவையான இடம் அந்த 5 டாலர்தான். ஊழியர் வேலை நேரத்தில் எடுத்த பொருள் முதலாளியுடையது என்று கிளப் வாதாடியிருக்கலாம். ஆனால் சம்பளத்தில் விலையைப் பிடித்துக்கொண்டால் அது என்ன? என் கண்ணுக்கு அது விற்பனை. காசை வாங்கிக்கொண்டாயிற்று, பொருள் அவருடையது.

#14 · கணக்குப்புலி

வண்டு சார், பாண்ட்ஸின் 73 வழக்கையும் சொல்லுங்கள். அதில் நீதிபதி செய்தது சரியா?

#15 · வக்கீல் வண்டு

2001 அக்டோபர், சான் ஃபிரான்சிஸ்கோ. ஒரே சீசனில் 73ஆவது. ஒரு ரசிகரின் கையுறையில் பந்து விழுகிறது, உடனே கூட்டம் அவர் மேல் பாய்ந்து கீழே தள்ளுகிறது, பந்து உருண்டு இன்னொருவர் கைக்குப் போகிறது. இரண்டாமவர் தள்ளுமுள்ளில் சேராதவர், அவரே கீழே விழுந்து கிடந்தவர். யாருக்குச் சொந்தம்? 2002இல் தீர்ப்பு: முதலாமவர் முழுசாகப் பிடித்தார் என்று நிரூபணம் ஆகவில்லை, ஆனால் கூட்டம் அவர் மேல் பாயாமல் இருந்திருந்தால் பிடித்திருக்கலாம். ஆகவே விற்று ஆளுக்குப் பாதி. ஏலத்தில் போனது 4,50,000 டாலர். பத்து லட்சத்துக்கு மேல் எதிர்பார்த்தவர்கள் வக்கீல் பீஸைக் கணக்குப் பார்த்து அழுதிருப்பார்கள். என் தொழிலை நானே சொல்லக் கூடாது.

சரியா என்றால், எனக்குச் சரி. ரௌடித்தனம் செய்தவனுக்கு லாபம் போகக் கூடாது என்றாரே, அது போதும்.

#16 · பெவிலியன் முனை

பாண்ட்ஸ் ஆரனைத் தாண்டிய பந்து? அது எங்கே?

#17 · அட்லாண்டா அக்கா

அது தனிக் கூத்து. 2007 ஆகஸ்ட் 7, 756. ஊக்கமருந்துப் புகார் பாண்ட்ஸ் மேல் தொங்கிக்கொண்டிருந்த நேரம். ஆரன் நேரில் போகவில்லை, ஆனால் பெரிய திரையில் அவர் வாழ்த்து ஓடியது. பெருந்தன்மை என்றால் அது. பந்தை 7,52,467 டாலருக்கு வாங்கியவர் ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ. என்ன செய்யலாம் என்று இணையத்தில் வாக்கெடுப்பு வைத்தார்: அப்படியே ஹால் ஆஃப் ஃபேமுக்குக் கொடுப்பதா, நட்சத்திரக்குறி (சாதனை சந்தேகத்துக்குரியது என்ற அடையாளம்) போட்டுக் கொடுப்பதா, ராக்கெட்டில் வைத்து விண்வெளிக்கு அனுப்புவதா. நட்சத்திரக்குறி ஜெயித்தது. பந்தின் தோலில் அந்தக் குறியைப் பதித்து 2008இல் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனுக்குக் கொடுத்தார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. சாதனையைச் சந்தேகப்படுங்கள், பொருளைச் சிதைக்காதீர்கள்.

#18 · பழைய காகிதம்

அக்கா சொன்னதற்கு ஒரு ஓட்டு. பொருளைச் சிதைப்பது பற்றி இன்னொன்று: 2003இல் டான்ரஸ் கம்பெனி பேப் ரூத் ஆட்டத்தில் போட்ட சட்டை ஒன்றை 2,64,210 டாலருக்கு வாங்கி, துண்டு துண்டாக வெட்டி கார்டுக்குள் ஒட்டி விற்றது. ரூத் சட்டைத் துண்டு கையில் இருக்கிறது என்று சிலருக்குச் சந்தோஷம். ரூத் ஆட்டத்தில் போட்ட சட்டைகளில் எஞ்சியவை மிகச் சில. மற்றொரு ரூத் சட்டை, 1932 வேர்ல்ட் சீரிஸில் கையை நீட்டிக் காட்டி அடித்தார் என்று சொல்லப்படும் ஆட்டத்தில் போட்டது, 2024 ஆகஸ்டில் 2 கோடியே 41 லட்சம் டாலருக்குப் போனது. கத்தரிக்கோல் எடுத்தவர்கள் இப்போது என்ன நினைப்பார்களோ.

#19 · புதுமுகம்_கோவை

எல்லாருக்கும் வணக்கம். நான் புதிது. டெக்சாஸில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்பவர் அவருடைய மாமனார் வீட்டுப் பரணில் கிடந்தது என்று ஒரு 1954 ஆரன் கார்டும், ஆரன் கையெழுத்திட்ட பந்தும் காட்டுகிறார். இரண்டும் சேர்த்து 900 டாலர் என்கிறார். தெரிந்தவர் என்பதால் பேரம் பேசக் கூச்சமாக இருக்கிறது. கார்டு பளபளவென்று இருக்கிறது, மூலை நாலும் கூர்மை. வாங்கலாமா?

#20 · பழைய காகிதம்

தம்பி, பளபளவென்று என்றதுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. காசைக் கொடுக்காதீர்கள். முதலில் ஒரு ஸ்கேலை எடுங்கள்.

1952 முதல் 1956 வரை டாப்ஸ் கார்டுகள் பெரியவை: அகலம் 2⅝ அங்குலம், உயரம் 3¾. 1957இல்தான் இப்போதைய அளவான 2½க்கு 3½ வந்தது. மறுபதிப்புகள் பல இன்றைய அளவில்தான் இருக்கும். 2000இல் டாப்ஸ் நிறுவனமே ஆரனின் எல்லாப் பழைய கார்டுகளையும் மறுபதிப்பாகப் போட்டது. அதில் தப்பில்லை, ஆனால் அசல் இல்லை.

அளவு சரியாக இருந்தால் அடுத்து லென்ஸ். பழைய அச்சில் படம் சின்னச் சின்னப் புள்ளிகளாலானது, பெயர் எழுத்தும் கறுப்புக் கோடும் திட மையில் இருக்கும். ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்தும் புள்ளி புள்ளியாக உடையும். அப்புறம் பின்பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தைப் படியுங்கள். அங்கே மறுபதிப்பு என்ற வரியைச் சுரண்டிய தடம் இருந்தால் பேச்சே வேண்டாம். இவ்வளவும் தாண்டினால் தரம் போடும் பி.எஸ்.ஏ. அல்லது எஸ்.ஜி.சி.க்கு அனுப்பி ஸ்லாபில் (முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறையில்) வந்த பிறகு பணம் என்று சொல்லிவிடுங்கள். நல்ல நண்பர் என்றால் கோபிக்க மாட்டார்.

#21 · வக்கீல் வண்டு

பந்தைப் பற்றி நான். கையெழுத்துப் பந்துதான் இந்தப் பொழுதுபோக்கிலேயே மோசமான குழி. தொண்ணூறுகளில் எஃப்.பி.ஐ. நடத்திய "ஆபரேஷன் புல்பென்" விசாரணையில் கலிஃபோர்னியாவில் ஒரு கும்பலையே பிடித்தார்கள். ரூத், மேன்டில் என்று யார் கையெழுத்து வேண்டுமானாலும் போட்டுத் தள்ளியிருக்கிறார்கள். சிக்கிய பொருள்களில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட இருந்தது. அவர் எப்போது மட்டை பிடித்தார் என்று யாரும் கேட்கவில்லை.

சான் டியேகோவின் டோனி குவின், தன் அணியின் கடையிலேயே தன் பெயரில் போலிக் கையெழுத்து விற்பதைப் பார்த்தவர். ஆட்டக்காரருக்கே அந்தக் கதி. அதற்குப் பிறகு 2001இல் மேஜர் லீக், ஆட்டம் நடக்கும்போதே ஆள் வைத்துப் பொருளுக்கு ஹோலோகிராம் ஒட்டும் முறையைக் கொண்டுவந்தது. ஆரன் ஓய்வு பெற்றது 1976. அவர் ஆடிய காலத்துப் பொருளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. பிற்காலத்தில் நிறைய ஷோக்களில் கையெழுத்துப் போட்டவர் என்பதால் உண்மையானதும் நிறைய உண்டு. அதனாலேயே அவசரம் வேண்டாம். சான்றிதழ் யார் கொடுத்தது என்று கேளுங்கள். "மாமனார் சொன்னார்" என்பது சான்றிதழ் இல்லை.

#22 · பெவிலியன் முனை

இடையில் ஒரு கேள்வி. உலக அளவில் 868 அடித்த ஜப்பானியர் ஒருவர் இருக்கிறார் என்று படித்தேன். அவரை ஏன் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை?

#23 · கணக்குப்புலி

சதஹாரு ஓ. யோமியூரி ஜயன்ட்ஸ். ஒரு காலைத் தூக்கி நின்று அடிப்பார். மேஜர் லீக் கணக்கு வேறு, ஜப்பான் லீக் கணக்கு வேறு, அதனால் பட்டியல் தனித்தனி. ஆனால் ஆரனும் அவரும் நேருக்கு நேர் மோதினார்கள். 1974 நவம்பர் 2, டோக்கியோ கோராகுவென் மைதானம், ஹோம் ரன் போட்டி. ஆரன் 10, ஓ 9. பின்னாளில் இருவரும் சேர்ந்து உலகக் குழந்தைகளுக்கான பேஸ்பால் விழா ஒன்றை ஆரம்பித்தார்கள்.

இன்னொரு கணக்கும் விட்டுப்போகிறது. மேஜர் லீக் 2020இல் கறுப்பர்கள் தனியாக ஆடிய நீக்ரோ லீகுகளை அங்கீகரித்தபோது 1920 முதல் 1948 வரைதான் சேர்த்தது. ஆரன் கிளவுன்ஸுக்கு ஆடியது 1952. அதனால் அவர் 755 அப்படியே நிற்கிறது.

#24 · புதுமுகம்_கோவை

அளந்துவிட்டேன். 2½க்கு 3½. பின்பக்கம் அடியில் ஒரு வரி லேசாகத் தேய்த்த மாதிரி இருக்கிறது. நண்பரிடம் காட்டினேன், அவருக்கே தெரியவில்லை, மாமனார் எப்போதோ ஒரு கடையில் வாங்கியதாம். பந்துக்குச் சான்றிதழ் எதுவும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சங்கடப்பட்டு எனக்கு மதிய சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். மிக்க நன்றி ஐயா, நன்றி வண்டு சார்.

இப்போது ஆசை வந்துவிட்டது, சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பணத்தில் கொஞ்சத்தை வைத்து அசலாக ஏதாவது ஒன்று வாங்க வேண்டும். எது?

#25 · நாலுநாலு

நாங்கள் இரண்டு பேரும் இருபது பதிவாகச் சண்டை போட்டாலும் இதில் ஒத்துப்போவோம்: 1974, 1ஆம் எண். ஸ்லாபில் வேண்டாம், நடுத்தர நிலையில் வெறும் கார்டாகவே வாங்குங்கள். படம் நடுவில் இருக்கிறதா, மடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூடவே 1976இல் வந்த 550ஆம் எண்ணையும் பாருங்கள், ப்ரூயர்ஸ் சட்டையில் அவருடைய கடைசி டாப்ஸ் கார்டு. இரண்டும் சேர்ந்தும் நீங்கள் கொடுக்க இருந்த 900க்கு எங்கேயோ கீழே வரும்.

#26 · பழைய காகிதம்

ஒத்துப்போகிறேன். ஆனால் 1957 இடதுகை ஆரனை எப்போதாவது கசங்கிய நிலையில் பார்த்தால் விடாதீர்கள். மடிப்பு விழுந்தது மலிவாக வரும்.

நாலுநாலு, 312 பற்றிய கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

#27 · ஸ்காபரோ பெடியன்

புதுமுகம் தம்பி, என்னட்ட ஓ-பீ-சீ 1974 ஆரன் இரண்டு இருக்கு. ஒண்டின் இடது ஓரம் கொஞ்சம் கோணல், மற்றபடி மடிப்பில்லை. படம் எடுத்துத் தனிமடலில் போடுறன். தபால் செலவு மட்டும் நீங்கள் பாருங்கோ.